திறந்து பார்க்க வழியுள்ள மைக் செட்டையே வாங்குங்கள்

தாராவியில் எங்கள் மன்றத்தின் மைக் செட்டைப் பராமரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பொங்கல் விழா, ஆடிக் கொடை, விநாயகர் சதுர்த்தி, மாணவர்களுக்குப் பரிசளிப்பு, இரங்கல் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். சயான், செம்பூர், முலுண்டு பகுதி மன்றங்களைச் சேர்ந்தவர்கள் புதிதாகச் செட் வாங்க முனையும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு லட்சம் ரூபாய்க்குள் எந்தக் கம்பெனிப் பெட்டி நன்றாக இருக்கும்? நான் சொல்லும் பதில் கம்பெனிப் பெயரில் தொடங்குவதில்லை. கெட்டுப்போனால் அதை மும்பையில் யார் திறப்பார், திறந்தால் உள்ளே இருப்பவை கடையில் தனித்தனியாகக் கிடைக்கும் பொருள்களா என்ற இரண்டையும் முதலில் விசாரியுங்கள், ஓசையை அதன் பிறகு கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில். கேட்டவர்களில் சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கிறது. அதனால் காரணங்களை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

விலை குறைந்த கருவி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. வீடுவீடாகப் போய் நூறும் இருநூறுமாக வசூலித்து விழா நடத்தும் மன்றங்களுக்கு வேறு வழியும் இல்லை. பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் பெட்டிதான் மிக்சர். இன்றைய மலிவு மிக்சரில் மைக் ஓசையைப் பெருக்கும் சிப், முப்பது ஆண்டுகளுக்கு முன் பெரிய அரங்குகளில் மட்டுமே கேட்க முடிந்த தெளிவைத் தருகிறது. ஆகவே தொழிற்சாலை விலையைக் குறைக்கும்போது ஓசையில் பெரும்பாலும் கைவைப்பதில்லை. ஜாக், ஸ்விட்ச், ஃபேன், கெப்பாசிட்டர், ஈயப்பற்று, பெட்டிப் பலகையின் கனம் ஆகிய இடங்களில்தான் கைவைக்கிறது. கடையில் வைத்துக் கேட்கும்போது இவற்றில் எதுவும் காதில் விழாது. மூன்றாம் ஆண்டு ஆடியில், மேடையில் வில்லிசைக் குழு உட்கார்ந்த பிறகுதான் அது தெரியவரும்.

முதலில் கெடுவது இணைப்புகள்தான். விலை கூடிய மிக்சரில் ஒவ்வொரு ஜாக்கும் நட்டு போட்டு மேல்தகட்டோடு இறுக்கப்பட்டிருக்கும். யாராவது கேபிளைக் காலால் இடறினால் அந்த இழுவையைத் தகடு தாங்கிக்கொள்ளும். மலிவு மிக்சரில் பல ஜாக்குகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. சர்க்யூட் போர்டில் ஈயப்பற்றை மட்டுமே நம்பி நிற்பவை. இழுவை முழுவதும் அந்தப் பற்றுக்குப் போகும். நாளடைவில் பின்னைச் சுற்றி முடியளவு மெல்லிய வட்ட விரிசல் ஒன்று விழும். போர்டைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டுமே அந்த வட்டம் கண்ணில் படும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க ஐந்து நிமிடம் போதும். கண்டுபிடிக்காதவர்கள் மிக்சரே போய்விட்டது என்று புதிது வாங்குகிறார்கள்.

உள்ளே இரண்டு போர்டுகளை இணைக்கும் பட்டை வயரின் கதையும் இதேதான். ஒரு பக்க ஒலி மட்டும் காணாமல் போவது, மிக்சரைத் தட்டினால் திரும்பி வருவது, எஃபெக்ட் பகுதி தானாக நின்றுபோவது போன்ற பேய்க்கோளாறுகளுக்குப் பல நேரங்களில் அந்தப் பட்டை வயரின் முனை கறுத்துப்போனதே காரணம். அதைப் பிடுங்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

இந்தக் கறுப்பு எங்கள் பகுதியில் கூடுதல் வேகத்தில் பிடிக்கிறது. மித்தி ஆறு மாகிம் விரிகுடாவில் கலக்கும் கழிமுகம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்காற்றில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேற்றிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் காற்றில் கலந்திருக்கிறது. அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும் வாயு. கழிமுகத்தை ஒட்டிய வீடுகளில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுப்பதற்கும், ஏ.சி. காயிலில் ஓட்டை விழுவதற்கும் இதில் பங்கு உண்டு. மிக்சரின் இணைப்பு முனைகளும் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வெள்ளிப் புள்ளிகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. இதற்கு மேல் ஆடி மாதம் மும்பையில் மழை உச்சத்தில் இருக்கும் காலம். கொடைக்கு எடுக்கும் வரை மூடிய அறையில் கிடந்த செட்டைத் திறந்தால் ஸ்பீக்கரின் காகிதக் கோன் நமுத்திருக்கும், போர்டில் பூஞ்சை படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செட்டை இணைத்து ஒரு மணி நேரம் மெதுவாகப் பாட்டு ஓடவிடுகிறோம். உள்ளே எழும் சூடு ஈரத்தை ஓட்டிவிடுகிறது. காசில்லாத வைத்தியம் இது, பலனும் கண்கூடானது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தும் ஃபேடர் கரகரக்கிறது என்று துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அதில் அடித்துவிடாதீர்கள். அது தடத்தில் உள்ள கிரீஸைக் கரைத்து, பிறகு வரும் தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இணைப்புக் கோளாறு எரிச்சலூட்டும், ஆனால் கருவியைக் கொல்லாது. கொல்வது மின்சாரம். விழாக்களில் எரிந்துபோன செட்டுகளை நான் பார்த்தவரை, இடி மின்னலைவிட நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கட் ஆனதால் எரிந்தவையே அதிகம். தெருவில் பந்தல் போடும்போது தற்காலிகமாக மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்குகிறோம், அல்லது ஜெனரேட்டர் வைக்கிறோம். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட். ஒரு ஃபேஸில் ஹாலஜன் விளக்குகளும் இன்னொன்றில் மைக் செட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு முனையில் நியூட்ரல் வயர் தளர்ந்து விட்டுவிட்டால், விளக்குகளும் மைக் செட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகி அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பங்கீட்டில் அதிக வோல்ட் போவது குறைவாகக் கரண்ட் இழுக்கும் பக்கத்துக்கு. அது பெரும்பாலும் மைக் செட்தான். விளக்குகள் மங்கும், மைக் செட்டுக்கு 350 வோல்ட் வரைகூடப் போய்ச் சேரும்.

அந்த நேரத்தில் எஸ்.எம்.பி.எஸ். (கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக வேகமான ஸ்விட்ச்சிங்கால் இயங்கும்) பவர் சப்ளை உள்ள கருவிக்குள் நடப்பது இது: சாதாரண 230 வோல்ட்டை நேர்மின்னாக (டி.சி.) மாற்றும்போது உச்சம் 325 வோல்ட் வரும், அதற்காக உள்ளே 400 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். உள்ளே வருவது 350 ஆனால் உச்சம் 495 ஆகிவிடும். கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும், அதோடு ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டரும் அதை ஓட்டும் சிப்பும் போகும். நல்ல கருவிகள் பலவற்றில் வோல்ட் மிகுந்தால் நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறது. மலிவு கருவிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பாதுகாப்பை நாமே வெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். வோல்ட் குறைந்தாலும் கூடினாலும் இணைப்பைத் துண்டித்து, அளவையும் எண்ணில் காட்டும் சிறிய ரிலே, மும்பையின் மின்னணு உதிரிக் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு நல்ல மைக்கின் விலைகூட ஆகாது. அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, செட்டின் மெயின் இணைப்பு அதன் வழியாக மட்டுமே போகும்படி எங்கள் மன்றத்தில் செய்திருக்கிறோம். விழாக் குழுவினர் எல்லோருக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

எர்த் விஷயமும் இங்கேயே சொல்லப்பட வேண்டியது. ஸ்பீக்கரில் ஹம் இரைச்சல் வந்தால், பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிடுவது மைக் செட்டுக்காரர்களிடையே நெடுநாள் பழக்கமாக இருக்கிறது. இரைச்சல் நின்றுவிடும் என்பது உண்மை. உள்ளே ஒரு வயர் தகட்டில் பட்டுவிட்டால், மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உடல் வழியாகத்தான் கரண்ட் தரைக்குப் போகும் என்பதும் உண்மை. மழை நனைத்த மேடையில், வெறுங்காலோடு சாமி கும்பிட்டுவிட்டு வந்து மைக்கைப் பிடிப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. இரைச்சலை நீக்க ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பெட்டி (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைப்பது) இருக்கிறது, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழி இருக்கிறது. பின்னை வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

இனி பழுது பார்ப்பதற்கு வருகிறேன். நாங்கள் நம்பிப் போகும் மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். ஒரு மேசை, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பழைய ஆஸிலோஸ்கோப், இவற்றோடு மரப்பலகையில் 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டு. எந்த ஆம்ப்ளிஃபையர் வந்தாலும் நேரே மெயினில் செருக மாட்டார், அந்தப் பல்பு வழியாகத்தான் உயிர் கொடுப்பார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிறைந்துவிட்டன, ஷார்ட் இல்லை என்று பொருள். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பழுதை முழுதாக நீக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றி நேரே மெயினில் போடுகிறவர்கள், புதிதாகப் போட்ட உதிரிகளையும் சேர்த்து எரித்துவிடுகிறார்கள். அந்தப் பல்பு இருந்தால் அந்தக் கரண்டைத் தானே வாங்கிக்கொண்டு எரிகிறதே தவிர, புதிய டிரான்சிஸ்டரைச் சாகவிடாது.

ஒருமுறை எங்கள் பக்கத்து மன்றத்து ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுபோனபோது, ஹீட் சிங்கிலிருந்து (சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடு) ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “தம்பி, இத முன்னாலயே யாரோ தொறந்திருக்காவ. மைக்கா ஷீட்ட மாத்தல, பேஸ்ட்டும் தடவல. இந்தா, இந்த எழுத்தத் தொட்டுப் பாரு” என்றார். டிரான்சிஸ்டரின் முகத்தில் அச்சிட்டிருந்த எண்ணை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்ததும் எழுத்து கரைந்து வந்துவிட்டது. பிறகு வைஸில் வைத்து மேல்மூடியை உடைத்துக் காட்டினார். உள்ளே செம்புத் தகட்டின் நடுவில் இருந்த சிலிக்கான் துண்டு ஒரு கடுகைவிடச் சற்றே பெரிது. அசல் துண்டு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் பரப்பு அதைப்போல் பல மடங்கு.

இது 5200, 1943 என்று கடைகளில் கேட்கப்படும் புகழ்பெற்ற ஜோடி. தோஷிபா வடிவமைத்தது. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்பது அதன் தகுதி. உலகெங்கும் எண்ணற்ற ஆம்ப்ளிஃபையர்களில் இருப்பதால், போலி செய்வதற்கு மிகவும் ஏற்ற சரக்காகவும் ஆகிவிட்டது. போலியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் குற்றம் தெரியாது. மேசையில் வைத்து மெதுவாகப் பாட்டு ஓடவிட்டாலும் தெரியாது. மேடையில் முழு வால்யூமில், நான்கு பெட்டிகளைச் சுமந்துகொண்டு, ஹீட் சிங்க் கைவைக்க முடியாத சூட்டுக்கு வரும்போதுதான் அந்தச் சிறிய சிலிக்கான் உருகிப் போகும். அது ஷார்ட் ஆனதும் பவர் சப்ளையின் நேர்மின் முழுவதும் ஸ்பீக்கர் காயிலுக்குள் பாயும். பாதுகாப்பு ரிலேயின் முனைகளும் ஏற்கனவே கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் காயிலும் எரியும். விலை குறைந்த உதிரி ஒன்று பதினைந்து அங்குல ஸ்பீக்கரைக் கொல்லும் வழி இதுதான்.

லாமிங்டன் ரோட்டில் நேர்மையான கடைகள் இருக்கின்றன, விலை கேட்டால் இரண்டு விலை சொல்லி, எது எது என்று வெளிப்படையாகவே சொல்லும் கடைகளும் இருக்கின்றன. வாங்குகிறவர் குறைந்த விலையைக் கேட்டு நச்சரிக்கும்போது போலிதான் கைக்கு வரும். அண்ணாச்சி புதிதாக வாங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை எடுத்து, பேஸ், எமிட்டர் என்ற அதன் இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸை அளந்து அசலோடு ஒப்பிடுகிறார். சிலிக்கான் பரப்பு சிறிதானால் அந்த அளவும் சிறுத்துவிடும், உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மாற்றும்போது போனது ஒன்றே ஆனாலும் அந்தப் பக்கத்து வரிசை முழுவதையும் மாற்றுகிறார். எமிட்டரில் உள்ள 0.22 ஓம் பீங்கான் ரெசிஸ்டர்களையும் அளந்து பார்க்கிறார். ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன் வெளிவரும் முனையில் நேர்மின் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார். இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிறவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அண்ணாச்சியின் பழுது பார்க்கும் முறையாக மேலே சொன்னது எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி ஆம்ப்ளிஃபையரைப் பற்றியது. அது கனமானது, தூக்கினால் இடுப்பு வலிக்கும், ஆனால் உள்ளே இருப்பவை அனைத்தும் கண்ணால் பார்த்து, கையால் கழற்றி, கடையில் கேட்டு வாங்கக்கூடியவை. கடந்த சில ஆண்டுகளாக மன்றங்கள் விரும்பி வாங்குவது ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர். எடை குறைவு, வயர் குறைவு, ஒரே ஆள் தூக்கிவிடலாம். மாடிப்படி குறுகிய எங்கள் சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதற்குள்தான் பழுது பார்ப்பவரின் கைகள் கட்டப்பட்டுவிடுகின்றன.

மின்னணுப் போர்டை ஓயாமல் அதிரும் பெட்டிக்குள் வைப்பதே ஒரு சோதனை. அந்த அதிர்வில் கனமான கெப்பாசிட்டரும் காயிலும் ஆடாமல் இருக்க அவற்றின் அடியில் மஞ்சள் பசை ஊற்றுகிறார்கள். சில மலிவுப் பசைகள் தொடர்ந்து சூடேறினால் பழுப்பாகி இறுகி, கரண்ட்டைக் கடத்தத் தொடங்கும். அடியில் உள்ள செம்புத் தடத்தையும் அரிக்கும். பழுதான போர்டு ஒன்றில் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தபோது, அதற்கடியில் இருந்த ரெசிஸ்டரின் கால் பச்சை பூத்து, தொட்டதும் முறிந்துவிட்டதை நானே பார்த்தேன்.

கெப்பாசிட்டர் கணக்கும் இதே பெட்டிக்குள்தான் மோசமாகிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உறுதி தரப்பட்ட கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். அதே இடத்தில் 85 டிகிரி, 2,000 மணி நேரக் கெப்பாசிட்டரை வைத்தால் 8,000 மணி நேரம்தான். இரண்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் சில ரூபாய். காற்றுப் போக வழியில்லாத பெட்டியில், ஹீட் சிங்கை ஒட்டி, விலை குறைந்ததைத்தான் வைக்கிறார்கள். நேற்று வரை பாடியது, அணைத்து மறுநாள் போட்டால் உயிர் வரவில்லை என்று வரும் பெட்டிகளில், எஸ்.எம்.பி.எஸ். தொடங்குவதற்கு உதவும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வறண்டுபோயிருப்பது மிகவும் பொதுவான காரணம். பத்து ரூபாய்ப் பொருள் அது.

அந்தப் பத்து ரூபாய் வேலையைச் செய்யச் சர்க்யூட் வரைபடம் வேண்டும். அது கிடைப்பதில்லை. சிப்பின் மேலிருக்கும் எண்ணைச் சில உற்பத்தியாளர்கள் சுரண்டியே அனுப்புகிறார்கள். சர்வீஸ் சென்டரில் கெட்டுப்போன உதிரியைத் தேடுவதில்லை, போர்டு முழுவதையும் மாற்றுகிறார்கள். எங்கள் மன்றத்துப் பெட்டிகளுக்கு வாரண்டி முடிந்தபின் அந்தப் போர்டுக்குக் கேட்ட விலை பெட்டியின் விலையில் பாதிக்கு மேல். அடுத்த பெட்டி கெட்டபோது அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள், போர்டு வராது என்று பதில் வந்தது. ஸ்பீக்கர், மேல்சுரத்தை ஒலிக்கும் ஹார்ன், கூடு எல்லாம் நல்ல நிலையில் இருக்க, உள்ளங்கை அகலப் போர்டு ஒன்று கிடைக்காததால் முழுப் பெட்டியும் மூலையில் உட்கார்ந்துவிட்டது.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளுக்கான தகவல்கள் அதில் தொகுக்கப்படுகின்றன. நல்ல தொடக்கம்தான். மேடை ஒலிக் கருவிகளுக்கு அதில் தனி இடம் இல்லை. மன்றங்களும் கோவில்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் இந்த நாட்டில் வாங்கும் மைக் செட்டுகளின் அளவை எண்ணிப் பார்த்தால், வரைபடமும் உதிரியும் தரவேண்டும் என்று நாம் கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். இதற்கு நேர்மாறாக, அஹுஜா போன்ற பழைய உள்நாட்டுப் பெயர்களின் ஆம்ப்ளிஃபையரும் ஹார்ன் யூனிட்டும் சிறிய ஊர்களில்கூடப் பழுது பார்க்கப்படுவதற்குக் காரணம், அவற்றைத் திறக்கத் தெரிந்தவர்களும் உதிரிகளும் எங்கும் இருப்பதுதான்.

ஹார்ன் எரிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பாதி விளம்பர எண்களின் விளைவு. பெட்டியின் மேல் 1,000 வாட் என்று ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பீக் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் நான்கில் ஒன்று, அதாவது 250 வாட். அந்த 1,000ஐ நம்பி ஆம்ப்ளிஃபையரைக் கிளிப் விளக்கு எரிய எரிய ஓட்டினால், அலையின் உச்சி வெட்டப்பட்டு, கூடுதல் மேல்சுரச் சக்தி முழுவதும் ஹார்னின் மெல்லிய காயிலில் போய் விழும். எங்கள் கொடையில் வில்லிசையின் குடத்துக்கு மைக் வைக்கும்போது இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். குடத்தில் விழும் ஒவ்வொரு அடிக்கும் ஆம்ப்ளிஃபையரின் சக்தி முழுவதும் தாழ்ந்த சுரத்துக்குப் போய்விடுகிறது, அதே கணத்தில் பாடகரின் குரல் கிளிப் ஆகிறது. குடத்து மைக்கில் தாழ்ந்த சுரத்தை வெட்டும் லோ கட் பொத்தானை அழுத்தி, பேஸை (தாழ்ந்த ஓசை) குறைத்தாலே ஹார்னின் ஆயுள் கூடிவிடும். எரிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: நல்ல 8 ஓம் டயாபிரம் (ஹார்னுக்குள் காயிலோடு அதிரும் மெல்லிய தகடு) மல்டிமீட்டரில் ஏறத்தாழ 6 ஓம் காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மாற்று டயாபிரம் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், காயிலின் விட்டத்தையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும் காயில் உரசும். 8 ஓம் பெட்டிகள் நான்கை ஒரே வெளியீட்டில் இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும் என்பதையும் செட் போடும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மலிவு ஆம்ப்ளிஃபையர் எதையும் அந்தச் சுமையில் ஓட்டக் கூடாது.

மைக்கைப் பொறுத்தவரை வயர் வைத்த டைனமிக் மைக்கே இன்னும் என் தேர்வு. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் இருப்பதற்கு, கீழே விழுந்தாலும் தாங்குவதும், உள்ளே ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலைத் தனியாக மாற்ற முடிவதும் காரணங்கள். அதற்கும் போலி ஏராளம் என்பதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்க வேண்டும். மலிவு வயர்லெஸ் மைக்கில் முதலில் கெடுவது பேட்டரி வைக்கும் இடத்துத் தகடுகள்தான். விழா முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்ற விதியால் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகச் சுருட்டப்படும் கேபிள்களில்தான் அடுத்த விழாவின் கோளாறு தொடங்குகிறது. அதற்கென்று ஒருவரை நியமித்துவிடுங்கள்.

மூலையில் உட்கார்ந்த அந்த ஆக்டிவ் பெட்டிகளை நாங்கள் குப்பைக்கு அனுப்பவில்லை. அண்ணாச்சியின் யோசனைப்படி, செத்துப்போன போர்டைப் பின்தகட்டோடு கழற்றிவிட்டு, அதே அளவில் அலுமினியத் தகடு வெட்டி, ஸ்பீக்கர் கேபிளுக்கான ஸ்பீக்கான் சாக்கெட் பொருத்தி, அவற்றை உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத சாதாரண பாசிவ் பெட்டிகளாக மாற்றி வருகிறோம். தகட்டைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட் வைக்க வேண்டும், காற்றுக் கசிந்தால் பேஸ் குறைந்து விசில் சத்தம் வரும். ஆக்டிவ் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கக்கூடும், அதை முன்கூட்டியே அளந்து ஆம்ப்ளிஃபையரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தாழ்ந்த சுரத்தை ஸ்பீக்கருக்கும் மேல்சுரத்தை ஹார்னுக்கும் பிரித்தனுப்ப, முன்பு சிப் செய்துகொண்டிருந்த வேலைக்கு 2,000 ஹெர்ட்ஸ் அருகில் பிரிக்கும் கிராஸ்ஓவரும், ஹார்னின் ஓசையைக் குறைக்க ரெசிஸ்டர்களும், காயிலைக் காப்பாற்ற வரிசையில் ஒரு சிறிய பல்பும் போடுகிறோம். தொழிற்சாலை அமைத்துத் தந்த மெருகு கொஞ்சம் குறையத்தான் செய்யும், பேச்சும் பாட்டும் தெளிவாகவே கேட்கின்றன. ஒரு ஜோடி முடிந்து, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துச் சோதித்தாகிவிட்டது. அடுத்த ஜோடிக்கு ஹார்ன் பக்கத்துக் காயில் சுற்ற வேண்டியிருக்கிறது. எனாமல் செம்புக் கம்பி வாங்கிவிட்டோம். மழை தொடங்கும் முன் அதை முடித்து ஆடிக் கொடைக்கு மேடையில் வைக்கப் போகிறோம். வேலையைப் பார்க்க விரும்பும் மன்றத்தினர் வரலாம். ஒவ்வொரு உதிரியின் எண்ணையும் விலையையும் எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது, அதைப் படம் எடுத்துக்கொண்டு போகலாம்.